சேற்றுப் பருவம்

செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் மாசச்சூசெட்ஸில் ஊரே மரம் பார்க்கக் கிளம்பிவிடும். சனிக்கிழமை காலையில் நெடுஞ்சாலை நிறைய வெர்மான்ட் பக்கமும் நியூ ஹாம்ப்ஷயர் பக்கமும் போகும் கார்கள். மேப்பிள் சிவந்து நிற்பதைப் பார்த்து, படம் எடுத்து, ஆப்பிள் தோட்டத்தில் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவார்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் போய்வந்தேன். பிறகு ஒரு விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் இலையுதிர் காலம் எனக்கு வேடிக்கை பார்க்கிற பருவமாக இல்லை, களத்தில் இறங்குகிற பருவமாகிவிட்டது. அந்த விளையாட்டின் பெயர் சைக்கிள்கிராஸ்.

ஒரு பூங்காவிலோ பண்ணை நிலத்திலோ இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நாடா கட்டி ஒரு சுற்றுப்பாதை போடுவார்கள். புல், சேறு, மணல், மரவேர், செங்குத்து மேடு, சில இடங்களில் படிக்கட்டு என்று எல்லாம் அதில் வரும். ஓரிடத்தில் பாதைக்குக் குறுக்கே இரண்டு பலகைகள் நிற்கும். அவற்றின் உயரம் 40 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. அங்கே வந்ததும் ஓடுகிற சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு பலகைகளைத் தாண்டி ஓடி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். பந்தயத்துக்குத் தூரக் கணக்கு கிடையாது, நேரக் கணக்குதான். தேர்ந்த வீரர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், எங்களைப் போன்றவர்களுக்கு 40 நிமிடம். முதலில் போகிறவர் கடைசிச் சுற்றை முடித்துவிட்டால், பின்னால் இருப்பவர்கள் அவரவர் ஓட்டிக்கொண்டிருக்கும் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். அதனால் முதல் ஆளும் கடைசி ஆளும் சில நிமிட இடைவெளியில் ஒரே கோட்டைக் கடந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். இந்த விளையாட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான்.

இது பிரான்சில் பிறந்தது. குளிர்காலத்தில் உடம்பு கெட்டுப்போகாமல் இருக்கவும் விறைக்கிற குளிரைச் சமாளிக்கவும் சாலைப் பந்தய வீரர்கள் வயலிலும் காட்டிலும் சைக்கிளோடு ஓடினார்கள். டானியல் கூசோ என்ற ராணுவச் சிப்பாய் 1902-இல் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஒக்டாவ் லாபீஸ், தன் வெற்றிக்கு இந்தக் குளிர்காலச் சேறும் ஒரு காரணம் என்று சொன்ன பிறகு இது பரவியது. முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிசில் நடந்தது. பெண்களுக்கான உலகப் போட்டி வர 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐம்பதாண்டு இடைவெளி என் நினைவில் எப்போதும் இருக்கிறது.

என்னை இதற்குள் இழுத்தவர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பெட்ஃபோர்டிலிருந்து கேம்பிரிட்ஜ் ஓரம்வரை பழைய ரயில் தடத்தின் மீது போட்ட மினிட்மேன் சைக்கிள் பாதையில் நாங்கள் இருவரும் வேலைக்கு வருவோம். 2013 பிப்ரவரியில் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் உலகப் போட்டி நடந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த முதல் உலகப் போட்டி அது. ஒஹாயோ ஆறு பெருகி வந்ததால் எல்லாப் பந்தயங்களையும் ஒரே நாளில் அடக்கினார்கள். பெண்கள் பிரிவில் நெதர்லாந்தின் மரியான் வோஸும் ஆண்கள் பிரிவில் பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸும் வென்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அவர் பல வாரங்கள் வேறு பேச்சே பேசவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் என்னிடம் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை வா. சும்மா பார்க்க வராதே, நம்பர் வாங்கிக்கொள். என்னிடம் ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது, உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.”

பார்க்க வராதே என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. நான் வளர்ந்த ஊரில் விளையாட்டென்றால் தொலைக்காட்சிப் பெட்டியில் கிரிக்கெட். பள்ளி மைதானத்தில் ஆண் பிள்ளைகள் ஆடுவார்கள், நாங்கள் சுவரோரம் நிற்போம். முப்பது வயதை நெருங்கும் ஒருத்தியைப் பார்த்து ‘நீ ஆட வா’ என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கே சரி என்று சொன்னேன்.

ஒரு பள்ளியின் பின்புறப் புல்வெளியில் அவர் எனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தார். வலது காலைப் பின் சக்கரத்துக்கு மேலே சுழற்றி இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். ஒரு கணம் இடது பெடலில் மட்டும் நின்றபடி சைக்கிள் ஓடும். வலது கை ஹேண்டில்பாரை விட்டு நடுக் கம்பியைப் பிடிக்கும். பிறகு இடது காலை விடுவித்து, ஓட்டம் குறையாமல் தரையில் இறங்க வேண்டும். சங்கிலியும் பற்சக்கரமும் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம் இறங்குவதே கால்களுக்குப் பாதுகாப்பு. ஏறும்போது தொடையின் உட்பக்கம் சீட்டில் சறுக்கி விழும்படி ஒரு தாவல். நின்று நிதானித்து ஏறினால் முன்னால் போகிறவரின் முதுகு கண்ணிலிருந்து மறைந்துவிடும். மேடு நீளமாக இருந்தால் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். கம்பி அழுத்தி என் வலது தோளில் அந்தப் பருவம் முழுக்க ஒரு நீலத் தழும்பு இருந்தது. அதை நான் பெருமையோடு சுமந்தேன்.

காற்றின் கணக்கையும் அவர்தான் சொல்லித்தந்தார். தார்ச் சாலையில் ஓட்டும் மெல்லிய டயருக்கு 90, 100 பி.எஸ்.ஐ. அடிப்போம். சைக்கிள்கிராஸில் 25, 30-க்கு இறக்கிவிடுவோம். காற்று குறைந்த டயர் தரைக்கு ஏற்ப நெளிந்து, சரிவான புல்லிலும் வேரிலும் பற்றிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் கல்லில் மோதும்போது ரிம் அடிபட்டு டியூப் கிழியும். சர்வதேசப் போட்டிகளில் டயர் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால், பட்டன் டயரின் அந்தச் சின்ன அகலத்துக்குள் எவ்வளவு காற்று என்பதுதான் ஒவ்வொரு காலையிலும் எல்லாருடைய பேச்சும். பெருவிரலால் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, சேற்றின் பதத்தையும் காலால் மிதித்துப் பார்ப்போம். தரையை இப்படித் தொட்டுப் பார்த்து அறிவது, ஊரைவிட்டு வந்த பிறகு நான் மறந்திருந்த பழக்கம்.

ஞாயிறு பந்தயம் என்றால் சனிக்கிழமை காடு. கார்லைலில் இருக்கும் கிரேட் புரூக் ஃபார்ம் மாநிலப் பூங்கா, பர்லிங்டனின் லேண்ட்லாக்டு வனம், லெக்சிங்டனுக்கும் காங்கார்டுக்கும் நடுவில் 1775-இல் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாள் சண்டை நடந்த பேட்டில் ரோடு தடம் என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து போவோம். பந்தயத்தில் ஓட்டும் அதே சைக்கிள்தான். அங்கே கடிகாரம் கிடையாது. ஒருத்தி வழி தப்பினால் எல்லாரும் நிற்போம். ஒருத்திக்குப் பஞ்சர் என்றால் எல்லாரும் உட்கார்ந்து வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பங்கிட்டுத் தின்போம். கிரேட் புரூக்கில் மாட்டுப் பண்ணையும் ஐஸ்கிரீம் கடையும் உண்டு. அக்டோபர் குளிரில், சேறு காய்ந்த கையுறையோடு அங்கே ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டது என் நினைவில் மிகச் சந்தோஷமான மதியங்களில் ஒன்று.

அக்டோபர் நடுவில் காட்டுத் தடம் மாறிவிடும். இலையின் பச்சையம் சிதைந்ததும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். மேப்பிளின் சிவப்போ இலை அந்த நாட்களில் புதிதாக உண்டாக்குகிற நிறமி. வெயிலான பகலும் உறையாத குளிரான இரவும் அடுத்தடுத்து வந்தால் சிவப்பு கூடும். மேப்பிள் முதலில் உதிரும். ஓக் பழுப்பாகிக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். உதிர்ந்த ஓக் இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும்போது அதற்குக் கீழே வேர் இருக்கிறதா, கல் இருக்கிறதா, ஓக் கொட்டைகள் உருண்டு கிடக்கின்றனவா என்று கண்ணுக்குத் தெரியாது. சைக்கிளை இறுகப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, அது கொஞ்சம் தன் போக்கில் நழுவட்டும் என்று விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சறுக்கும். அதைப் பயிற்சி மைதானத்தில் யாரும் சொல்லித்தர முடியாது, காடுதான் சொல்லித்தரும்.

அந்தக் காடுகள் முழுவதும் கற்சுவர்கள். நடுக்காட்டில், வீடோ தோட்டமோ இல்லாத இடத்தில், இடுப்பளவு உயரத்தில் நேராக ஒரு சுவர் போய்க்கொண்டிருக்கும். நியூ இங்கிலாந்தின் பெரும்பகுதிக் காடு 19-ஆம் நூற்றாண்டில் வெட்டித் திருத்திய விளைநிலமாகவும் ஆட்டு மேய்ச்சலாகவும் இருந்தது. பனியுகத்துப் பனிப்பாறைகள் கொண்டுவந்து போட்ட கற்களை, ஒவ்வொரு குளிர்காலத்து உறைபனியும் மண்ணிலிருந்து மேலே தள்ளும். உழவர்கள் அவற்றைப் பொறுக்கி நிலத்தின் எல்லையில் அடுக்கினார்கள். மேற்கே வளமான மண்ணும் நகரத்தில் ஆலை வேலையும் கிடைத்ததும் ஊரைவிட்டுப் போனார்கள். நிலத்தை மரங்கள் திரும்ப எடுத்துக்கொண்டன. சுவர் மட்டும் நிற்கிறது. அதில் கல் சரிந்த இடைவெளிகள் வழியாகத்தான் எங்கள் தடம் போகும். இங்கே எனக்கு முன்னால் இந்த மண்ணோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்ற அறிவு, அந்நிய நிலம் என்ற கூச்சத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டது.

மான் வேட்டைக் காலம் தொடங்கியதும் ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போகக்கூடாது. மாசச்சூசெட்ஸில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை என்பதால், பந்தயமில்லாத ஞாயிறுகளில் நிம்மதியாகச் சுற்றுவோம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியபின் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். புதன்கிழமைப் பயிற்சியை ஹெல்மெட்டில் விளக்கு கட்டிக்கொண்டு செய்வோம். அந்த இருட்டைத்தான் நான் இங்கு வந்த நாள்முதல் அஞ்சினேன். பயிற்சிக்குப் போகத் தொடங்கிய ஆண்டிலிருந்து அந்த அச்சம் போய்விட்டது.

நியூ இங்கிலாந்துப் பந்தயங்களில் குளோஸ்டரை எல்லாரும் இந்தப் பகுதியின் உலகப் போட்டி என்று செல்லமாகச் சொல்லிவந்தார்கள். 1623-இல் ஆங்கிலேய மீனவர்கள் கரையேறிய ஸ்டேஜ் ஃபோர்ட் பூங்காவில், அட்லாண்டிக்கை ஒட்டி அது நடந்துவந்தது. தொடக்கக் கோட்டிலிருந்து துறைமுகம் தெரியும். ஒரு ஆண்டு அங்கே முந்தின இரவு முழுக்க மழை. காலையில் புதியவர்கள் பிரிவில் நாங்கள் வரிசைக்கு எட்டுப் பேராக நின்றோம். விசில் ஊதியதும் முதல் திருப்பத்தை நோக்கி எல்லாரும் மூச்சைப் பிடித்து மிதித்தோம். அதற்குப் பின் பாதை குறுகிவிடும், முந்துவது கடினம். கடலோரச் சரிவில் குறுக்காகப் போகும்போது பின் சக்கரம் கீழே கீழே இழுத்தது. முன்னால் இரண்டு பேர் சறுக்கி நாடாவைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். நான் இறங்கி ஓடினேன். ஓடுவது மிதிப்பதைவிட வேகமாக இருக்கும் இடங்கள் உண்டு, அந்த இடம் எது என்று சட்டென்று முடிவெடுப்பதுதான் இந்த விளையாட்டின் அறிவு. வாயில் சேறு, உப்புக்காற்று, நெஞ்சில் அடிக்கும் அடி காதில் கேட்கிறது. கயிற்றுக்கு அப்பால் நின்ற யாரோ என் நம்பரைப் பார்த்துக் கத்தினார்கள்: “உனக்கு முன்னால் போகிறவள் களைத்துவிட்டாள், போ!” அவர்களை எனக்குத் தெரியாது. நான் அவளைப் பிடித்தேன். அடுத்த சுற்றில் அவள் என்னைப் பிடித்தாள். கடைசியில் யார் முன்னால் வந்தோம் என்பதைவிட, கோட்டைத் தாண்டியதும் அவள் தன் தண்ணீர்ப் புட்டியை முதலில் எனக்கு நீட்டியதுதான் நினைவில் நிற்கிறது.

உடம்பைக் கழுவிக்கொண்டு, தடித்த கம்பளிச் சட்டையை மாட்டியதும் கயிற்றோரம் போய்விடுவோம். கையில் மாட்டு மணி. அடுத்து 35 வயதுக்கு மேற்பட்டவர்கள், 45, 55-க்கு மேற்பட்டவர்கள், சிறுவர் சிறுமியர் என்று பிரிவு பிரிவாக மாலைவரை பந்தயம் நடக்கும். காலையில் எனக்கு மணியடித்தவர் பகலில் ஓட்டுவார், நான் அவருக்கு மணியடிப்பேன். மதியத்துக்குமேல் தொழில்முறை வீராங்கனைகள் வருவார்கள். மெயின் மாநிலத்து எல்லன் நோபிள், நாங்கள் இறங்கித் தாண்டும் அந்தப் பலகைகளைச் சைக்கிளில் இருந்தபடியே துள்ளித் தாண்டுவதற்குப் பெயர்பெற்றவர். அப்படித் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பது பலகைக்கு முன்னால் கால் நடுங்கி இறங்கியவளுக்குத்தான் முழுதாகத் தெரியும். நான் ஓட்டிய அதே நாளில், அதே சேற்றில், அதே நாடாவுக்குள் அவர்களும் ஓட்டினார்கள். வேறெந்த விளையாட்டில் ஒரு சாதாரண ஆளுக்கு இது கிடைக்கும்?

பெல்ஜியத்தில் சைக்கிள்கிராஸ் ஒரு பெருந்திருவிழா. கோக்சைட் மணல்மேடுகளிலும் கோப்பன்பெர்க் சரிவிலும் பல்லாயிரம் பேர் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். வீரர்களின் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் அறிந்த நியூ இங்கிலாந்துப் பந்தயங்களில் வேடிக்கை பார்ப்பதற்குச் சீட்டு கிடையாது. பணம் கட்டுகிறவர்கள் ஓட்டுகிறவர்கள்தான். மாலையில் ஓடும் வீரர்களின் பந்தயத்தையும், காலையில் வந்து ஓட்டிவிட்டுப் போகும் ஆசிரியரும் செவிலியரும் தச்சரும் கட்டும் நுழைவுக் கட்டணமே தாங்கிப்பிடிக்கிறது. கயிற்றுக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒரே கூட்டம். எனக்கு இதுதான் ஒரு விளையாட்டின் ஆரோக்கியத்துக்கு அடையாளம்.

அம்மா ஒரு அக்டோபரில் எங்களோடு இருக்க வந்தார். பந்தயத்துக்கு அழைத்துப்போனோம். சேலைக்கு மேல் என் கணவரின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, காதை மப்ளரால் சுற்றி, பலகைகளுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நான் தாண்டி முடித்து வந்ததும் கேட்டார்:

“ஏன்டி, எல்லாரும் அந்தக் கம்பியப் புடிச்சுத்தான தூக்குறீங்க?”

“ஆமாம்மா. நடுக் கம்பிதான் பிடிக்க வசதி.”

“அந்தக் கம்பிக்காகத்தான் நான் ஆம்பள சைக்கிளா வாங்குனேன். உன்னய அதுலதான உக்கார வச்சு ஓட்டுனேன், மறந்துட்டியா?”

மறக்கவில்லை. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சில ஆண்டுகளில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத பஞ்சத்தில் ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்கள் உண்டு. முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. அம்மா இரண்டாம் வகை. வயல் வேலை முடித்த மாலைகளில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் கற்றார். கேலி பேசிய வாய்கள் நிறைய இருந்தன. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவள் முந்தின மாதம் கற்றுக்கொண்ட பக்கத்துத் தெருப் பெண். அடுத்த மாதம் அம்மா இன்னொருத்தியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதே அங்கே முறை.

மறுநாள் அம்மாவைக் கிரேட் புரூக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனேன். கற்சுவரைப் பார்த்ததும் குனிந்து கல்லைத் தொட்டு, “இது வரப்பு மாதிரில்ல இருக்கு, யாரோ பாடுபட்ட நெலம்டி இது” என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்ததுமே கண்டுகொண்டார். பிறகு ரொம்ப நேரம் பந்தயத்தைப் பற்றித்தான் பேசினார். யார் நன்றாக ஓட்டினார்கள் என்பதல்ல அவர் பேச்சு. “அந்த வயசான அம்மா ஓட்டுச்சே, அதுக்கு எத்தன பேரு மணியடிச்சாங்க! எங்களுக்கும் அன்னைக்கு அப்படித்தான், ஒருத்தி விழாம ஒரு சுத்து ஓட்டிட்டா மைதானமே கைதட்டும்” என்று சொன்னார். 55 வயதைத் தாண்டிய அந்த வீராங்கனையின் முடிவு எண் பட்டியலில் எங்கோ கடைசியில் இருந்தது. அம்மாவுக்கு அன்றைய பந்தயமே அவர்தான்.

அந்தப் பேச்சுக்குப் பின் நான் செய்யத் தொடங்கிய ஒன்றை இன்றும் செய்கிறேன். ஆகஸ்ட் கடைசியில், பருவம் தொடங்குமுன், புதிதாக வரும் பெண்களுக்கு வாரம் ஒரு மாலை ஒரு புல்வெளியில் இறங்கவும் ஏறவும் சொல்லித்தருகிறேன். என்னை அழைத்துவந்த தோழியும் கூட நிற்பார். முதலில் நடந்துகொண்டே, பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே, கடைசியில் பலகை வைத்து. வருகிறவர்களில் இந்தியப் பெண்களும் இருக்கிறார்கள். வயது போய்விட்டது, உடம்பு கனத்துவிட்டது, எப்போதோ பள்ளியில் ஓட்டியது என்று தயங்குவார்கள். இது தயங்க வேண்டிய விளையாட்டு அல்ல என்று சொல்கிறேன். இதில் இறங்குவதும் தூக்குவதும் ஓடுவதும் விதியின் பகுதி, தோல்வியின் அடையாளம் இல்லை. கடைசியில் வருகிறவருக்கும் அதே நேரம், அதே சேறு, அதே மணி.

கற்றுக்கொண்டு போகும் ஒவ்வொருத்தியிடமும் நான் கேட்பது ஒன்றுதான். பந்தயத்தன்று உங்கள் முறை முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடாதீர்கள், அடுத்த பிரிவுக்கு மணியடியுங்கள். அடுத்த ஆகஸ்டில் இந்தப் புல்வெளிக்கு வாருங்கள், புதிதாக வரும் ஒருத்திக்கு நீங்கள் இறங்கக் கற்றுக்கொடுங்கள். புதுக்கோட்டை மைதானத்தில் சைக்கிள் பரவியது அப்படித்தான். இந்த ஊர்ப் பெண்களிடம் சைக்கிள்கிராஸ் பரவப்போவதும் அப்படித்தான்.